நாற்பத்தேழாம் எண் தகடு

மருத்துவமனை ஆய்வகத்தில் முப்பது வருடம் இரத்தப் பரிசோதனைக் குழாய்களோடு மாரடித்தவள் அவள். பெயரும் எண்ணும் ஒட்டாத குழாய் வந்தால் யாருடையது என்றுகூடக் கேட்கமாட்டாள், நேரே குப்பைக்கூடைதான். 'மிளகாய்' என்று அவளுக்குப் பட்டப்பெயர் வந்தது சும்மா இல்லை.

கல்யாணமான புதிதிலிருந்தே ஞாயிறு மாலை என்றால் அருங்காட்சியகத் தோட்டத்து மதிலோர மரத்தடிதான். சண்டை போட்டபடி வந்திருக்கிறார்கள், பிள்ளையை இடுப்பில் தூக்கி வந்திருக்கிறார்கள். கணவர் போய் இரண்டு வருடமாகத் தனியாக வருகிறாள்.

அந்த ஞாயிறு மரத்தில் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி.

"இதை ஏம்ப்பா வெட்டுறீங்க?"

"எண் தகடு இருந்தாத்தான் நம்ம மரமாம்மா," என்றார் தோட்டக்காரர். "இது அநாதை. நாளைக்கு ஆள் வருது."

தகடு அவள் வீட்டு அலமாரியில் கிடந்தது. பதினோரு வருடத்துக்கு முன் கணவர்தான் நெம்பி எடுத்தார். "ஆணி குத்திக்கிட்டே இருக்கு, பாவம்."

"மனுஷிக்குத் தலைவலின்னா திரும்பிப் பார்க்க மாட்டீங்க, மரத்துக்குப் பாவம் பார்க்குறீங்களோ?"

சிரித்தபடியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தகட்டின் ஒரு மூலை உடைந்து பட்டைக்குள்ளேயே தங்கிவிட்டது.

மறுநாள் காலை தகட்டோடு அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் மேஜை முன் நின்றாள். அவர் பதிவேட்டைத் திருப்பினார். நாற்பத்தேழு: மரம் காணவில்லை.

"ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா தெரியுதே, சார்."

"இது அந்த மரத்துத் தகடுதான்னு என்னம்மா அத்தாட்சி?"

"முப்பது வருஷம் நானும் இப்படித்தான் பேசினேன். எழுந்து வாங்க."

உடைந்த மூலை பட்டைக்குள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தது. தகட்டை வைத்தாள். உடைந்த விளிம்பும் விளிம்பும் பொருந்தின. கண்காணிப்பாளர் கனைத்தார். "சரி, வெட்ட வேண்டாம். தகட்டைத் திரும்ப அடிச்சிடுங்க."

தோட்டக்காரர் சுத்தியலை எடுத்தார்.

"இப்படிக் கொடுங்க."

முதல் அடி. "இரக்கப்படுறாராம் இரக்கம்." இரண்டாவது அடி. "செஞ்சதைச் செஞ்சுட்டு நிம்மதியாப் போய்ச் சேர்ந்துட்டீங்க. ஆணி அடிக்க நானா?"

மூன்றாவது அடியில் ஆணி தலை வரை இறங்கியது. அவர் இருந்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். அந்த நினைப்பில் இன்னொரு அடியும் போட்டாள்.