சரசு மறுசோறு கேட்ட நாள்

நாலு மணி ஆனால் போதும், செம்பனை ஆலையின் வாடை வீட்டுக்குள் வந்துவிடும். எண்ணெயும் புளிப்பும் கலந்த வாடை... வந்த முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டே திரிந்தேன். பிள்ளைகள் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

எண்பதுகளின் நடுவில் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. சிங்கப்பூரில் எங்கள் சர்ச்சில், "வெளிநாட்டு ஊழியத்துக்கு யார் போகிறீர்கள்?" என்று கேட்டபோது முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். ஆப்பிரிக்கா என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன்.

கிடைத்ததோ பக்கத்து மலேசியாவின் கோலசிலாங்கூர்!

பாலத்தைத் தாண்டி, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, மூன்று பஸ் மாறி... வெளிநாடு வெளிநாடுதானே, என்ன செய்வது.

ஊருக்கு வெளியே ஒரு பலகை வீடு. தாய் தகப்பன் இல்லாத பன்னிரண்டு பிள்ளைகள். அத்தனை பேருக்கும் ஒரே ஆள், ஸ்டெல்லா அக்கா. அவருக்கே முப்பது வயது ஆகவில்லை. சத்தமாகப் பேசுவார், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பார். பழைய மோட்டார் சைக்கிளில் முன்னால் அரிசி மூட்டை, பின்னால் இரண்டு பிள்ளைகள். அந்த வண்டி எப்படித்தான் ஓடியதோ!

நான் போய்ச் சேர்ந்த அதே வாரம் வந்தவள் சரசு. ஆறு வயது. அம்மா முன்பே இல்லை. தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த அப்பா லோரி விபத்தில் போய்விட்டார். சரசு வாயே திறக்க மாட்டாள். என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு நான் போகும் இடமெல்லாம் வருவாள், அவ்வளவுதான்.

பிரச்சினை சாப்பாட்டில்...

மத்தியானம் இரண்டு வாய் தின்பாள். மாலையில் ஒன்றுமே இல்லை. குளித்துவிட்டு வருவாள், தட்டுக்கு முன்னால் உட்கார மாட்டாள், என் எதிரில் நின்று மோவாயைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொள்வாள். ஜெபம் செய்யச் சொல்கிறாள் போல என்று நான் உருக்கமாக ஜெபம் செய்வேன். முடிந்ததும் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பாள். அப்புறம் போய்ப் படுத்துவிடுவாள்.

முட்டை பொரித்துப் பார்த்தேன். கதை சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் பொறுமை போய், "ரொம்பத்தான் அடம் உனக்கு!" என்று கத்தியும் விட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பிள்ளை வற்றிக்கொண்டே போனாள். கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி எடை பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் பாருங்க, இல்லன்னா ஆஸ்பத்திரியில சேர்க்கணும்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை ஸ்டெல்லா அக்கா மோட்டாரை எடுத்துக்கொண்டு சரசுவின் தோட்டத்துக்கே போய்விட்டார். உள்ளே போக மைல் கணக்கில் செம்மண் ரோடு, மழை வேறு. மாலையில் முழங்கால் வரைக்கும் சேற்றோடு வந்தார். கையில் நியூஸ்பேப்பரில் மடித்த ஒரு பொட்டலம்.

"அவங்க பக்கத்து வூட்டம்மா சொல்லிச்சி லா. அவ அப்பா வேல முடிஞ்சி குளிச்சிட்டு வந்து, இவ நெத்தியில துன்னூறு பூசி விட்டுட்டுத்தான் சோத்துல கைய வைக்க விடுவாராம். தெனமும். இந்தா, தோட்டத்து மாரியம்மன் கோயில்லருந்து வாங்கியாந்தேன். பூசி விடு."

"நானா? அக்கா, நான் சர்ச் பொண்ணு..."

"நான் மட்டும் யாராம்? அவ ஒன் பின்னாலதான சுத்துறா. நீதான் பூசணும்."

"பாவமில்லையாக்கா?"

"புள்ளயப் பட்டினி போடறதுதான் பாவம். மேல போனப்புறம் ஆண்டவர் கேட்டா என் பேரச் சொல்லு. நான் பேசிக்கறேன்."

சிரிக்காமல் சொன்னார். நான் பயந்துதான் போனேன், மறைக்கவில்லை. ஊழியத்துக்கு அனுப்பும்போது அப்பா தலையில் கைவைத்து ஜெபித்தது கண் முன்னால் வந்து நின்றது. அதே நேரம் சரசுவும் வந்து நின்றாள். மோவாயைத் தூக்கி, கண்ணை மூடி...

எடுத்தேன். பழக்கமில்லாத கை. அள்ளியதும் அதிகம். நெற்றியில் வைத்ததும் பொலபொலவென்று கண்ணில் கொட்டிவிட்டது. அவள் கண்ணைக் கசக்கினாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

சரசு என் இடது கையைப் பிடித்து இழுத்தாள். தன் புருவத்துக்குக் கீழே கண்ணை மறைக்கிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

"அக்கா... ஊதணும்."

நான் கேட்ட அவளுடைய முதல் பேச்சு அதுதான். ஊதினேன்.

உட்கார்ந்தாள். கருவாட்டுக் குழம்பும் சோறும். ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டுத் தட்டை நீட்டினாள். "இன்னும்."

"ஏய், பானையவே தூக்கிக் குடு லா அவளுக்கு!" என்று ஸ்டெல்லா அக்கா அடுப்படியிலிருந்து கத்த, மற்ற பிள்ளைகளெல்லாம் கைதட்டிச் சிரித்தார்கள். நான் எல்லார் முன்னாலும் ஓவென்று அழுதேன். அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்த நாள் மாலை பார்த்தால், மோவாயைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் வரிசையில்!

சர்ச்சில் சிலர் முணுமுணுத்தார்கள். "வந்து ஒரு நாள் ஊட்டிப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றார் ஸ்டெல்லா அக்கா. ஒரு ஞாயிறுகூட ஆராதனையைத் தவறவிடாத மனுஷி. அவரைப் போல நம்பிக்கை உள்ள ஒருவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

இப்போது சரசு ரவாங்கில் இருக்கிறாள். "என் பேரன் போன் காட்டாம சாப்பிட மாட்டேங்கிறான்க்கா" என்று வாட்ஸ்அப்பில் புலம்புகிறாள். நன்றாகச் சிரித்தேன்.

நான் இன்றும் தினமும் ஜெபிக்கிறேன். சர்க்கரை குறையணும், முட்டிவலி போகணும், மகளுக்கு வேலை நிலைக்கணும்... கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

சரசு மறுசோறு கேட்ட அன்று சாப்பாடு முடிந்து, பிள்ளைகளோடு கண்ணை மூடினேன். ஆண்டவரிடம் கேட்க ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு ஜெபம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவே இல்லை.