பாலைவன ஊரில் ஒரு கண்ணாடி வீடு

ஒய்2கே கம்ப்யூட்டர் வேலைக்கு நடுவே, 1999 பிப்ரவரியில் ஒரு லாங் வீக்எண்ட் கிடைத்தது. கலிபோர்னியாவில் நாங்கள் இருந்த சன்னிவேலிலிருந்து பாம் ஸ்பிரிங்ஸுக்குக் காரில் போய் வந்தோம்.

"பழைய வீடு பாக்க பாலைவனத்துக்கு ட்ரிப்பா? கிராண்ட் கேன்யன்னா ஊர்ல சொல்லிக்கவாவது செய்யலாம்" என்றாள் என் மனைவி மாலதி.

வரைபடம் ஒன்றை வாங்கிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தோம். என்ன ஊர்! எல்லையிலேயே ஒரு பழைய பெட்ரோல் பங்க் — கூரை, பறக்கக் கிளம்பிய பட்டம் போல. ஊர் நிலம் சதுரங்கக் கட்டம் மாதிரி. ஒன்றுவிட்டு ஒன்று பூர்வகுடிகளுக்குச் சொந்தம். அங்கே வீடுதான் உங்களுடையது, மண் குத்தகைக்கு.

வீடுகள் ஐம்பதுகளில் கட்டியவை. தாழ்ந்த தட்டைக் கூரை, சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி, பின்னால் மலை. மலையை மறைக்க ஆசைப்படாத வீடுகள்! பணக்காரர்களின் ஊரில் இந்த அடக்கம் எப்படி வந்தது?

ஒரு வாசலில் 'ஓப்பன் ஹவுஸ்' பலகை. வீடு விற்பனைக்கு, யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். விடுவோமா?

வழக்கம்போல வாசலிலேயே ஷூவைக் கழற்றினோம். சாக்ஸைத் தாண்டிக் குளிர்ந்தது மொசைக் தரை. கூடத்தில் தொடங்கி, கண்ணாடிக் கதவின் அடியில் நுழைந்து, அப்படியே நீச்சல் குளம் வரை ஓடியது. உள்ளே எது, வெளியே எது?

வீட்டின் சொந்தக்காரர் டோரத்தி என்ற மூதாட்டி. கணவரோடு சேர்ந்து பார்த்துப் பார்த்துக் கட்டியது. கணவர் இறந்துவிட்டதால், வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போகிறார்.

"இடித்துவிட்டு இரண்டு மாடி கட்டலாம்" என்று எங்களுக்கு முன்னால் வந்த ஒருவர் செல்போனில் சொல்லிக்கொண்டே வெளியேறினார். டோரத்தியின் முகம் வாடியது.

"இடிக்காதவருக்குத்தான் கொடுக்க வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது? என்னிடம் எல்லோரும் 'லவ்லி' என்கிறார்கள்…" என்றவர் எங்கள் சாக்ஸ் கால்களைப் பார்த்தார். "நீங்கள் வாங்குகிறீர்களா?"

மாலதி முந்திக்கொண்டாள். "ஸாரி, ஜஸ்ட் லுக்கிங்!"

அப்போது வீடு தேடி ஓர் இளம் ஜோடி வந்தது. வாசலில் எங்கள் ஷூக்களைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். தாங்களும் கழற்றினார்கள்.

"பார்த்தீர்களா? நான் கேட்கவே இல்லை!" டோரத்தியின் கண்ணில் வெளிச்சம்.

மாலதி என் முழங்கையை இடித்தாள். "ஏங்க, நம்ம ஷூவப் பாத்துட்டு இங்க இதான் ரூல்னு கழட்டிட்டாங்க. இந்தம்மா மரியாதைன்னு நெனச்சுட்டாங்க."

"சொல்லிடலாமா? தப்பான ஆளுக்குக் குடுத்துட்டா?"

"கொஞ்சம் சும்மா இருங்க. முதல்ல பாருங்க."

பார்த்தேன். அந்தப் பெண் இரண்டடி வைத்து நின்றாள். குனிந்து தரையை உள்ளங்கையால் தடவினாள். அவள் கணவன் சாக்ஸையும் உருவிப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு, கூடத்திலிருந்து குளம் வரை வெறுங்காலோடு நடந்தான். திரும்பி வந்தான். மறுபடி நடந்தான்.

"ஹனி, இந்தத் தரை எங்கேயும் நிற்கவே மாட்டேங்குது!" என்று அங்கிருந்தே கத்தினான்.

டோரத்தி நேராக வாசலுக்குப் போனார். பலகையைப் பிடுங்கி உள்ளே எடுத்து வந்தார்.

"இப்ப சொல்லணுமா?" என்றாள் மாலதி.

வேண்டாம். ஷூவுக்கு நாங்கள் காரணம். சாக்ஸ் அவனாகவே கழற்றியது.