கைக்கோடாலிக்கு ஒரு கல்

கிடங்கில் அவளுக்குக் கோடாலியக்கா என்றுதான் பெயர். முகாம் போடப் போகிறவர்களுக்குக் கூடாரம், அடுப்பு, கைக்கோடாலி எல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் இடம் அது. வாங்கிப் போகும் மகராசர்கள் விறகைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெட்டிப் பார்ப்பார்கள். திங்கட்கிழமை முப்பது கோடாலிகள் வாய் உடைந்து பல்லுப்பல்லாய்த் திரும்பி வரும். பதினோரு வருடமாக அவற்றைத் தீட்டிக் கூராக்குகிறவள் அவள்.

மூன்று மாதமாக அவளுடைய இரண்டு கை விரல்நுனிகளும் மரத்துப்போயிருந்தன. யாரிடமும் மூச்சுவிடவில்லை, அதே கிடங்கில் வேன் ஓட்டும் கணவனிடம்கூட. விரலில் உணர்ச்சி இல்லாதவளை நம்பி எந்த முதலாளி கோடாலியைக் கொடுப்பார்? வேலையைவிட இந்தப் பயத்தைச் சுமந்துதான் அதிகம் களைத்துப்போனாள்.

போன வாரம் பழைய சாணைக்கல் இரண்டாக உடைந்தது. புதுக்கல் வாங்க முதலாளி, அவள், கணவன் மூவரும் வேனில் இரும்புக்கடைக்குப் போனார்கள். முதலாளி எடுத்த எடுப்பில் நீளமான கல் ஒன்றைத் தூக்கினார்.

"அது கத்திக்கு சார். கோடாலி வாய் வளைஞ்சிருக்குமே? கோடாலி அசையாம இருக்கணும், கல்லுதான் சுத்தணும். கைக்குள்ள அடங்குற வட்டக்கல் கேளுங்க" என்றாள்.

சும்மா இருந்திருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

கடைக்காரர் இரண்டு கறுப்பு வட்டக்கற்களை எடுத்து வைத்தார். "ஒண்ணு சொரசொரப்பு, ஒண்ணு நைஸு. எது எதுன்னு எழுதின அட்டை கிழிஞ்சு போச்சு. தடவினா தெரிஞ்சிரும்."

"பல்லை ராவ அரம் இருக்கு, நைஸ் போதும்" என்றார் முதலாளி. "எடும்மா. உன் கைக்குத் தெரியாததா!"

தடவினாள். மாற்றித் தடவினாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. முதலாளி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னாலிருந்து கணவன் எட்டி, ஒரு கல்லின்மேல் விரலை ஓட்டினான். "அடேயப்பா, சோப்பு மாதிரி வழுக்குதே! இதைத்தானே எடுக்கப் போற?"

"ஆமா" என்றாள்.

முதலாளி பணம் கொடுக்கக் கடைக்குள் நிற்க, இருவரும் வேனில் ஏறி உட்கார்ந்தார்கள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கொதிக்கிற டீ டம்ளரை வெறுங்கையில புடிச்சுக்கிட்டு ஊர்க்கதை பேசினியே, அன்னிக்கே."

"ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்திருக்கிறார்கள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். அதுவரைக்கும் நீ தீட்டு, கூர் வந்துச்சான்னு நான் தொட்டுப் பாத்துச் சொல்றேன்" என்றான்.

அவள் மடியில் இருந்த கல்லைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் அவன் அவளுடைய விரல்நுனிகளை அழுத்திப் பிடித்திருந்தான். எவ்வளவு நேரமாகப் பிடித்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை.