குய்சோவில் சொன்ன ‘போய் வருகிறேன்’

“எப்போது?” என்று ஒருவர் திருப்பிக் கேட்பார் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. சீனாவின் குய்சோ மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே இருந்த ஒரு நடுத்தர நகரத்தின் ரயில் நிலைய வாசலில், பெட்டிகளைச் சோதிக்கும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். பயணச்சீட்டு இல்லாதவர்கள் அதற்கு மேல் உள்ளே வர முடியாது. எங்கள் மொழிபெயர்ப்பாளர் ஒரு கையில் குடையும் மறு கையில் எனக்காக வாங்கிய தோடம்பழப் பையுமாக நின்றார். பையை வாங்கிக்கொண்டு, “போய் வருகிறேன்” என்றேன். ஜெர்மன் மொழியில்தான் சொன்னேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான். அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, மிகுந்த அக்கறையோடு, “எப்போது?” என்று கேட்டார்.

நான் மன்னாரில் பிறந்து, பன்னிரண்டு வயதில் அகதியாக ஜெர்மனிக்கு வந்தவன். எங்கள் வீட்டில் வெளியே இறங்கும்போது ‘போறன்’ என்று சொல்லிவிட்டால் போதும், அம்மாவின் முகம் கறுத்துவிடும். “உந்தச் சொல்லைச் சொல்லாதை, போட்டு வாறன் எண்டு சொல்லு” என்று படியிலிருந்து திருப்பிக் கூப்பிடுவார். திரும்பி வருகிறோமோ இல்லையோ, அப்படித்தான் சொல்ல வேண்டும். செத்த வீட்டில் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வருவோம். ‘போட்டு வாறன்’, அதாவது போய்விட்டு வருகிறேன், என்பதற்கு எங்கள் ஆட்களில் யாரும் நாள் குறித்துக் கேட்டதில்லை. கேட்டால் அவருக்கு ஏதோ சரியில்லை என்றே நினைத்திருப்பேன். ஜெர்மன்காரர்களிடம் ‘ட்ச்சூஸ்’ என்று அவர்கள் முறைப்படியே சொல்லி விடைபெற்றுப் பழகியவன் நான். ஜெர்மனியில் இத்தனை வருடம் இருந்தும் ஒரு ஜெர்மன்காரரிடம்கூட இந்தச் சொல்லை மொழிபெயர்த்துச் சொன்னதில்லை. அவரிடம் மட்டும், அந்த வாசலில், தமிழ் வாய்க்கு வந்து ஜெர்மனாக வெளியே போய்விட்டது. அவர் எனக்கு அவ்வளவு நெருக்கமாகியிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பதினொரு வருடங்களுக்கு முந்திய கதை இது. ஜெர்மனியில் எர்லாங்கனுக்குப் பக்கத்தில், போத்தல்களில் மருந்து நிரப்பும் இயந்திரங்கள் செய்கிற ஒரு சிறிய நிறுவனத்தில் அப்போதும் வேலை செய்தேன், இப்போதும் செய்கிறேன். மூலிகை மருந்து தயாரிக்கும் அந்தக் குய்சோ நகரத்துத் தொழிற்சாலை எங்களிடம் ஒரு முழு இயந்திர வரிசை வாங்கியிருந்தது. அதைப் பொருத்தி ஓடவைக்க எட்டு மாதத்துக்கு என்னையும், எனக்குக் கீழே வேலை செய்த ஒரு ஜெர்மன் இளைஞனையும் அனுப்பினார்கள். தொழிற்சாலை வாசலில் பூச்செண்டோடு காத்திருந்த மேலாளர், ‘ஜெர்மன் தலைமைப் பொறியாளரே வருக’ என்று நேராக நடந்து போய் அந்தப் பொன்முடிக்காரனிடம் நீட்டினார். அவன் முகம் செக்கச்சிவந்துபோய் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். இதெல்லாம் எனக்குப் புதிதா என்ன? அப்போது பின்வரிசையிலிருந்து நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் விறுவிறுவென்று வந்து, செண்டை அவன் கையிலிருந்து எடுத்து என் கையில் வைத்துவிட்டு, “தவறு நிகழ்ந்தமைக்கு மன்னிப்பைக் கோருகிறேன்” என்றார். அவர்தான் மொழிபெயர்ப்பாளர்.

அவர் பேசிய ஜெர்மன் அப்படியே பாடப்புத்தகத்திலிருந்து எழுந்து வந்ததுபோல இருக்கும். தூரத்து நகரமொன்றின் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, தகப்பனைப் பார்த்துக்கொள்ளச் சொந்த ஊருக்குத் திரும்பியவர். அந்த ஊரில் ஜெர்மன் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். கிண்டல், இழுபறி, பேச்சுக்குச் சொல்வது, இவையொன்றும் அவருடைய ஜெர்மனில் கிடையாது. சொன்னால் சொன்னதுதான். வெளிநாட்டவர் தங்கும் இடத்தைப் பொலிஸில் பதிய வேண்டும் என்பதால் முதல் நாளே என்னைக் கூட்டிப் போனார். அதிகாரி என் ஜெர்மன் கடவுச்சீட்டை முன்னும் பின்னும் புரட்டினார், பிறந்த இடம் மன்னார் என்றிருந்ததில் விரலை வைத்தார், உண்மையில் இவர் எந்த நாட்டுக்காரர் என்று மூன்று தரம் கேட்டார். ஜெர்மனியில் பல வருடங்களாக நான் சிரித்துச் சமாளிக்கும் அதே கேள்வி. மொழிபெயர்ப்பாளர் சிரிக்கவில்லை. “இதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் இவர்” என்று சீனத்தில் அவருக்கும், பிறகு ஜெர்மனில் எனக்கும் சொன்னார். அந்த ஒரு வசனத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

குய்சோவில் மழை நின்ற நாட்கள் குறைவு. காலையில் யன்னலைத் திறந்தால் எதிர் மலை இருக்காது, வெள்ளையாக ஒரு சுவர்தான் நிற்கும். பத்து மணிக்கு மேல் மலை மெல்லத் திரும்பி வரும். சாப்பாட்டைக் கண்டு என் ஜெர்மன் உதவியாளன் இரண்டாம் வாரமே பாணுக்கும் வெண்ணெய்க்கும் ஏங்கத் தொடங்கினான். நானோ புளித்த தக்காளியும் மிளகாயும் போட்ட மீன் குழம்பை ஊதி ஊதிக் குடித்தேன். மீன் வாசம் அடிக்கும் ஒரு வேரைப் பச்சையாக நறுக்கி மிளகாய்த்தூளில் பிரட்டித் தருவார்கள். அதையும் ஒரு கை பார்த்தேன். வழியில் கண்டவர்கள் எல்லாம் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டார்கள். ஜெர்மனியில் என்னிடம் அப்படி யார் கேட்டார்கள்? அந்த எட்டு மாதமும் நான் வெளிநாட்டில் இருப்பதாகவே தோன்றவில்லை. தெருவில் பிள்ளைகள் என் கையைத் தொட்டுப் பார்த்து நிறம் ஒட்டுகிறதா என்று சோதித்தபோதுகூட எனக்குக் கோபம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேகத்துக்கு மேலே கட்டியதுபோல் நிற்கும் ஒரு பாலத்தைக் காட்ட என்னையும் உதவியாளனையும் பேருந்தில் கூட்டிப் போனார். போகும் வழியில்தான் தன் பிரச்சினையைச் சொன்னார். கணவர் தெற்கே ஒரு துறைமுக நகரத்தில் வேலை செய்தார். வருடத்துக்கு இரண்டு தரம்தான் வீட்டுக்கு வருவார். அங்கே ஜெர்மனியோடு வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனம் இவருக்கு வேலை தரத் தயாராக இருந்தது. சீனப் புத்தாண்டான வசந்தப் பண்டிகைக்கு முன் பதில் சொல்ல வேண்டும். தகப்பனுக்கு நடக்க முடியாது. அவருடைய சிநேகிதர்கள், சீட்டாட்டம், வைத்தியர் எல்லாம் இந்த ஊரில். “அடுத்த வருடமும் நீங்கள் வருவீர்களானால் எனக்கு இங்கேயே வேலை இருக்கும், நான் இங்கேயே இருப்பேன். வரமாட்டீர்களானால் தந்தையை அழைத்துக்கொண்டு கணவரிடம் போய்விடுவேன். எதுவானாலும் எனக்குச் சம்மதமே. எது என்று தெரிந்தால் போதும்” என்றார். அது தலைமையகம் முடிவு செய்கிற விஷயம், தெரிந்தவுடன் சொல்கிறேன் என்றேன். அன்றைக்கு அது உண்மை.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது எர்லாங்கனிலிருந்து தொலைபேசி வந்தது. புது வருடத்திலிருந்து பராமரிப்பு முழுவதையும் ஷாங்காயில் இருக்கும் கிளை பார்த்துக்கொள்ளும், ஜெர்மனியிலிருந்து இனி ஆள் போகத் தேவையில்லை என்றார்கள். கடிதம் பிறகு தொழிற்சாலைக்குப் போகும் என்றார்கள். அவரிடம் சொல்லாதே என்று யாரும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளினேன். கடைசி வாரம் விருந்து, படம் எடுப்பது, சான்றிதழ் கொடுப்பது என்று எல்லோரும் சந்தோசமாக இருந்தார்கள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளதைச் சொன்னால், என்னை எல்லோரும் கொண்டாடிய அந்த வாரத்தைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த நிலைய வாசலில் அவர் “எப்போது?” என்று கேட்டபோது, எல்லாம் தெரிந்துகொண்டே, “குளிர்காலம் முடிய” என்று சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. “நன்றி. அப்படியானால் இன்றே பதில் எழுதிவிடுகிறேன்” என்றார். பதில் யாருக்கு என்று எனக்கு உடனே விளங்கியது. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பங்குனி கடைசியில் அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘இங்கே குளிர்காலம் முடிந்துவிட்டது. தங்கள் வருகையின் தேதியை அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ அவ்வளவுதான். என் மனைவிக்கு வாசித்துக் காட்டி, அந்த ஜெர்மனைப் பார்த்து இருவரும் சிரித்ததுகூட நினைவிருக்கிறது. நாளைக்கு ஆறுதலாக எழுதுவோம் என்று வைத்தேன். பிறகு மகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம், வீடு மாறியது, டொக்டரிடம் ஒரு டேர்மின், அலுவலகத்தில் ஒரு டேர்மின் என்று நேரம் குறித்துக் குறித்து ஓடினேன். ஒரு மாதம் கழிந்த பின் எழுத வெட்கமாக இருந்தது. ஒரு வருடம் கழிந்த பின் அது நினைவுக்கே வரவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது மூடுபனி இறங்கிய காலைகளில் வந்துகொண்டுதான் இருந்தது.

இந்த வருடம் அதே தொழிற்சாலை புது வரிசை ஒன்று வாங்கியது. போனவர் எங்கள் பிரிவில் வேலை செய்யும் மதுரைத் தம்பி. திரும்பி வந்த அன்றே என் மேசைக்கு வந்தார்.

“அண்ணா, அங்க எனக்கு வயிறு அப்செட் ஆகி ஒரு மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். கவுன்டர்ல ஒரு லேடி. ஜெர்மனின்னு சொன்னதும் அவங்க முகமே மாறிடுச்சு. மன்னார்ல பொறந்தவர் ஒருத்தர் உங்க கம்பெனில இருக்காரான்னு போன்ல டைப் பண்ணிக் காட்டினாங்க. உங்களத்தானே?”

“ஓம்,” என்றேன். “என்ன சொன்னவா?”

“ரொம்ப நேரம் பேசினாங்க, எல்லாம் டிரான்ஸ்லேட் ஆப்லதான். நீங்க வர்றேன்னு சொன்னதால ஏதோ ஒரு வேலைய வேண்டாம்னு எழுதிட்டாங்களாம். அப்புறம் ஷாங்காய்ல இருந்து ஆள் வந்திருக்காங்க, அவங்களுக்கு டிரான்ஸ்லேட்டரே தேவைப்படல. அந்த வேலைக்கும் வேற ஆள எடுத்துட்டாங்க. ஹஸ்பெண்ட் வெயிட் பண்ணிப் பாத்துட்டு டிவோர்ஸ் வாங்கிட்டாராம். அப்பாவும் தவறிட்டார். ஆனா அண்ணா, உங்க மேல அவங்களுக்குக் கோபமே இல்ல.” தம்பி சிறிது தயங்கினார். “அவரு வர்றேன்னு சொன்னா வந்திருப்பாரு, அவருக்கு ஏதோ பெரிய வியாதி வந்திருக்கணும், இப்ப நல்லா இருக்காரான்னுதான் கேட்டாங்க.”

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவர் காய் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“நீங்கள் அங்கை வைச்சே சொல்லியிருக்கலாமே?”

“சொல்ல ஏலாமப் போச்சு. நாங்கள் போட்டு வாறன் எண்டுதானே சொல்லுறனாங்கள்? அது அவவுக்கு விளங்கேல்லை.”

“அவ எப்ப எண்டு கேட்டவ எல்லே? குளிர் முடிய எண்டு சொன்னது ஆர்? அதுவும் எங்கடை வழக்கமோ?” என்றார். பிறகு, “அந்தக் கடிதத்துக்கு நானும் சேர்ந்துதான் சிரிச்சனான்” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தார்.

தம்பி வாங்கி வந்து தந்த அவருடைய தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை வீடியோவில் அழைத்தேன், அங்கே பின்னேரம். அதற்கு முன் இரண்டு நாளாக ஒரு பக்கம் ஜெர்மனில் எழுதித் திருத்தியிருந்தேன். தமிழரின் விடைபெறும் வழக்கம், அதில் வரும் நம்பிக்கை, ஒரு மொழியின் மரியாதை இன்னொரு மொழியில் வாக்குறுதியாக மாறிப்போவது, தலைமையகத்தின் முடிவு, கடைசியில் என் வருத்தம். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். திரையில் மருந்துக்கடை வெள்ளைச் சட்டையோடு அவர் தெரிந்தார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் வாசிக்கத் தொடங்கினேன். நாலாவது வரியில் கையை உயர்த்தி நிறுத்தினார். “மெதுவாக… தயவுசெய்து,” என்றார். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, “ஜெர்மன்… போய்விட்டது. இங்கே… பேச ஆள் இல்லை” என்றார்.

மன்னிப்பைக் கோருகிறேன் என்று முழு வசனமாகப் பேசிய பெண் அவர். நான் தாளில் இருந்ததைச் சுருக்கி மறுபடி சொன்னேன். விளங்கவில்லை என்று தலையசைத்தார். இன்னும் சுருக்கினேன். விடைபெறும் வழக்கம் போனது, தலைமையகம் போனது, மரியாதையும் நம்பிக்கையும் போயின. மருந்துக்கடைக்கு யாரோ வந்து நின்றார்கள். அவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், ஜெர்மன் பாடப்புத்தகத்தின் முதல் பக்கங்களில் வரக்கூடிய இரண்டு வசனங்கள்தான் என்னிடம் மிஞ்சின.

“எனக்கு நோய் எதுவும் வரவில்லை. நான் பொய் சொன்னேன்.”

“நோய் இல்லை?” என்று கேட்டார்.

“இல்லை.”

“நல்லது, நல்லது” என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகுதான் இரண்டாவது வசனம் அவரிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அந்தச் சொல்லைத் தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார், உதடு அசைந்தது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டார் போலும், முகம் இருந்த இடத்தில் கடையின் கூரையும் ஒரு குழல் விளக்கும் தெரிந்தன. வந்து நின்றவரிடம் அவர் சீனத்தில் ஏதோ கேட்பதும், போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டுவதும் கேட்டன. அவர் திரும்பி வருவார் என்று நான் அந்த விளக்கைப் பார்த்தபடி காத்துக்கொண்டிருந்தேன்.