வளர்மதி அக்கா பேரை விட்டுட்டேன்

எழுந்து நின்னா முதல்ல ஸ்தோத்திரம் சொல்லணும். இன்னைக்கு எனக்கு மன்னிப்புதான் வாயில வருது. ரெண்டு வருஷம் முன்னாடி இதே சபையில நான் சொன்ன சாட்சி பாதிதான். மீதியை மறைச்சிட்டேன்.

நான் ஷூ கம்பெனியில பேஸ்டிங் மேஜையில இருந்தேன். தோல் ஓரத்துல சொல்யூஷன் தடவி மடிச்சு ஒட்டுற வேலை. அந்த நெடி மூக்கை விட்டே போகாது. ரெண்டு தடவை கரு கலைஞ்சு போச்சு. மூணாவது தடவை கரு நின்னப்போ, அந்த நெடியே ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வேலையை விட்டா வீட்ல அடுப்பு எரியாது. சூப்பர்வைசரைக் கேட்டேன். "உங்களுக்குள்ள யாராவது ஒத்துக்கினா மாறிக்கோ, எனக்கு ஒண்ணும் பேஜார் இல்ல"ன்னுட்டாரு. யாரு ஒத்துக்குவாங்க? ஆண்டவரே, இந்த மேஜையிலேர்ந்து என்னைத் தூக்கிடுங்கன்னு மூணு நாள் அதே ஜெபம்தான்.

நாலாவது நாள் செக்கிங் மேஜையிலேர்ந்து வளர்மதி அக்கா எழுந்து வந்தாங்க. அவங்களுக்கும் எங்க ஊரு மாதனூர்தான். நம்ம சபை இல்ல, கோயிலுக்குப் போறவங்க.

"இன்னாடி எஸ்தரு, மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு? எந்திரி, நான் ஒக்கார்றேன்."

"நெடி ஜாஸ்திக்கா."

"நான் ரெண்டு பெத்தாச்சு. நீ எந்திரிடி."

பையன் நல்லபடியா பொறந்தான். ஸ்தோத்திர ஆராதனைக்கு அக்காவையும் கூப்பிட்டேன். கடைசி பெஞ்சுல உக்காந்தாங்க. நான் மைக்கைப் புடிச்சு, "கர்த்தர் சூப்பர்வைசர் மனசைத் திருப்பி என் மேஜையை மாத்தினாரு"ன்னு சொன்னேன். மனுஷர் பேரைச் சொன்னா தேவனுக்குப் போற மகிமை கம்மியாயிடும்னு நெனச்சேன். எவ்ளோ பெரிய முட்டாள் நான்! அக்காவும் எல்லாரோட சேர்ந்து கை தட்டினாங்க.

பிரசவ லீவு முடிஞ்சு வேலைக்குப் போனதும் திரும்ப மாறிக்கணும் இல்லையா? அக்கா கேக்கல. நானும் சொல்லல.

ஒரு நாள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி அக்கா முன்னாடி நடந்தாங்க. ஒரு கால்ல செருப்பு இல்ல. பஸ் படியிலயே கிடந்துச்சு. "அக்கா, செருப்பு"ன்னு கத்தினேன். குனிஞ்சு காலைப் பாத்தாங்க. செருப்பு கழண்டது அவங்களுக்குத் தெரியவே இல்ல. காலு மரத்துப் போய் எத்தனையோ நாளாச்சாம்.

சொல்யூஷன் நெடியால நரம்பு கெட்டுப் போச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. வேலையை விட்டா மெதுவா சரியாகலாம், ஆகாமலும் போகலாம். கொஞ்ச நாள்லயே அக்கா படுத்துட்டாங்க.

ஐயோ, அப்புறம் நான் பட்ட பாடு! பையன் வீட்டுக்குள்ள ஓடினா, இது யாரு காலுன்னு தோணும். கண்ணை மூடி ஜெபிச்சா அவங்க கை தட்டுற சத்தம்தான் கேக்கும். "என் பாரத்தை எடுத்தீங்களா, இல்ல அவங்க தலையில வச்சீங்களா?"ன்னு ஆண்டவரோட சண்டை போட்டேன். ஒரு மாசம் அந்தத் தெரு பக்கமே போகல. கடைசியில, அவங்களை நடக்க வையுங்க, அவங்க முன்னாடி போய் நிக்க எனக்கு தைரியம் குடுங்கன்னு கேட்டேன்.

போனேன். "சபையில உங்க பேரை விட்டுட்டேன்கா"ன்னு அழுதேன்.

"தெரியும்டி. நான்தான் அங்கயே ஒக்காந்திருந்தேனே. சும்மா அழுதுக்கினு நிக்காத, வெந்நீர் கொண்டாந்து காலுக்கு ஊத்து. சூடு ஜாஸ்தியான்னு நீதான் பாக்கணும், எனக்குத் தெரியாது."

அன்னையிலேர்ந்து பஸ் வர்றதுக்கு முன்னாடி தினமும் போய் ஊத்துறேன். எட்டு மாசம் ஆச்சு. போன வாரம் அக்கா காலை வெடுக்குனு இழுத்துக்கினாங்க. "சுடுதுடி, பாவி!" சொம்பைப் போட்டுட்டு அங்கயே மண்டி போட்டேன். இப்போ சுவத்தைப் புடிச்சிக்கினு நாலு அடி வைக்கிறாங்க.

கம்பெனியில எல்லாரும் சேர்ந்து போய்ப் பேசினோம். பேஸ்டிங் மேஜைக்கு ஃபேன் போட்டாச்சு. இனிமே வாரத்துக்கு ஒருத்தர் மாறி மாறி உக்காரணும். முதல் வாரத்துக்கு என் பேரைக் குடுத்துட்டேன்.

பிரியமானவங்களே, அவரை நம்பிக் கேளுங்க. கண்டிப்பா குடுப்பாரு. குடுத்ததை வாங்கிக்கினு அப்படியே எழுந்து போயிடாதீங்க. இதனால யாருக்கு வலிச்சுதுன்னும் கேளுங்க. அதுக்கும் பதில் சொல்லுவாரு. எனக்குச் சொன்னாரு.