பத்தாவதாக இறங்குகிறவன்

தொண்ணூறுகளின் தொடக்கம். என் அண்ணனுக்குப் பதினெட்டு வயது, தங்கை எனக்குப் பதினைந்து. அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால், மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு இருந்தது. அந்தப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு கடமைகள் உண்டு. காலையில் பூசை, பூசை முடிந்ததும் கிரிக்கெட். அண்ணன் இரண்டுக்கும் தவறாமல் போவான். முதலாவதில் கொட்டாவி விடுவான், இரண்டாவதில் கண்ணீர் விடுவான்.

அவனுடைய பைத்தியத்தை நான் கூட்டிச் சொல்லத் தேவையே இல்லை. சப்பாத்திக் கட்டையைப் பிடித்துக்கொண்டு பீரோ கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் நிற்பான். சாப்பிட உட்கார்ந்தால், "கொழம்பை மெதுவா ஊத்தும்மா, பிட்ச் ஈரமாயிடும்" என்பான். திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஒரு வேகப்பந்து வீச்சாளரின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தான். அம்மா அதைக் கிழிக்கப் போனாள். பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு, "பாவம், இந்தப் புள்ளைக்கும் ஒரு அம்மா இருப்பா" என்று விட்டுவிட்டாள்.

இவ்வளவு இருந்தும் அவனுக்கு விளையாட வராது. எங்கள் பகுதி டீமில் அவன் பத்தாவதாக இறங்குகிறவன். பதினோராவது ஆள் பல வாரம் வரவே மாட்டான் என்பதால், நடைமுறையில் கடைசி ஆள் அண்ணன்தான்.

கேப்டன், அப்பா லேத் ஓட்டிய கம்பெனியின் முதலாளி மகன். வயது பதினேழு. நகரத்துக்குள் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தான், வெயில் இல்லாதபோதும் கூலிங் கிளாஸ் போட்டிருந்தான். பேட், பேடு, கிளவுஸ், ஸ்டம்ப் எல்லாம் அவனுடையவை. ஆகவே முதல் காஜியும் அவனுடையது. காஜி என்றால் எங்கள் பக்கத்தில் பேட்டிங் முறை. தன் முறைக்கு அடித்துவிட்டு, ஃபீல்டிங் செய்யாமல் வீட்டுக்கு நழுவுகிறவனுக்கு ஓசி காஜி என்று பெயர். எங்கள் மைதானத்தில் திருட்டுக்கு அடுத்த குற்றம் அது. கேப்டன் வாரம் தவறாமல் அதைச் செய்தான். "அவருக்கு வேலை கீதுடா" என்று பையன்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் நன்றாக ஆடுவான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவனைப் பற்றிய கதைகள் எஸ்டேட் முழுக்கச் சுற்றும். மொட்டை மாடியில் பீர் பாட்டில், பள்ளிக்கூட ஆய்வகத்தில் உடைந்த கண்ணாடி, யாரோ ஒரு டாக்டர் மகளுக்கு எழுதிய கடிதம். ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு வாட்ச்மேனோ டிரைவரோ வேலையை விட்டுப் போயிருப்பார். அவன் வீட்டில் எது உடைந்தாலும் வேலையாட்கள்தான் மாறினார்கள்.

கிரிக்கெட்டில் ஒரு பழக்கம் உண்டு. ரன் ஓடும்போது குழப்பம் வந்து இரண்டு பேரும் ஒரே பக்கம் மாட்டிக்கொண்டால், சுமாராக ஆடுகிறவன் எதிர்ப்பக்கம் ஓடிப்போய்த் தானாக அவுட் ஆக வேண்டும். நன்றாக ஆடுகிறவன் நிற்பான். அண்ணன் ஆட்டத்தில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இதுதான். வீட்டுக்கு வந்து பெருமையாக வேறு சொல்வான். "கேப்டன் நிக்கணும்ல?"

அந்த வருடம் அவன் ஐ.டி.ஐ. முடித்திருந்தான். ஆவடியில் ஒரு அரசாங்கத் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் வேலைக்குத் தேர்வும் நேர்முகமும் முடிந்து, போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும் பாக்கி. அதாவது, பையன் மேல் கேஸ் எதுவும் இல்லை என்று ஸ்டேஷனிலிருந்து எழுதிக் கொடுக்க வேண்டும். "யாராவது வந்து விசாரிச்சாங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் அப்பா தினமும் செருப்பைக் கழற்றுவார்.

நெமிலிச்சேரி டீமை ஜெயித்த ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. கேப்டன் தன் அப்பாவுக்குத் தெரியாமல் வீட்டின் புது வெள்ளைக் காரை எடுத்து வந்திருந்தான். ஜெயித்த சந்தோஷத்தில் அண்ணனை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டான். கோயில் திருப்பத்தில் வண்டி திரும்பாமல் நேராகப் போய்க் கெபியின் சுற்றுச்சுவரில் மோதியது. கெபி என்பது கோயில் வளாகத்தில் மாதா சுரூபம் வைத்திருக்கும் கல் குகை. மாதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவரோரம் மேசை போட்டு மெழுகுவத்தி விற்கிற அக்காவுக்கு வலது கை முறிந்தது.

கேப்டன் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டான். அண்ணன் இறங்கி அந்த அக்காவைத் தூக்கினான். ஜனங்கள் கூடியபோது காருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பையன்தான் இருந்தான்.

"யார்றா ஓட்டினது?"

"நான்தான்" என்றான் அண்ணன்.

எல்லோரும் நம்பினார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் வீட்டில் சக்கரம் உள்ள பொருட்கள் இரண்டு. அப்பாவின் சைக்கிள், அம்மாவின் தையல் மிஷின். இரண்டாவதைத்தான் அவன் விழாமல் ஓட்டுவான்.

சாயங்காலம் முதலாளி முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். கை வைத்த ஒரே நாற்காலியில் அவரை உட்கார வைத்தோம். "சின்ன வயசு, தெரியாம நடந்துடுச்சி. பையனை அடிக்கக் கூடாது" என்று அப்பாவுக்கு ஆறுதல் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிச் செலவு, சுவர் எல்லாம் தன் பொறுப்பு என்றார். ஸ்டேஷனில் பேருக்கு ஒரு கேஸ் எழுதுவார்கள், அவ்வளவுதான் என்றார்.

"வெரிஃபிகேஷன் வரணுமே சார்" என்றார் அப்பா.

"அதெல்லாம் பேசிக்கலாம்."

அப்பா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை அன்று என்னால் மன்னிக்க முடியவில்லை.

முதலாளி போனதும் அண்ணனைக் கிணற்றடியில் பிடித்தேன்.

"கிளட்ச் எந்தக் காலுன்னு சொல்லு பாப்போம்."

யோசித்தான். "வலது கால்."

"நல்லா ஓட்டினே போ. உனக்கு இன்னா லூசா? கேஸ் வந்தா ஆவடி வேலை போயிடும், தெரியும்ல?"

"ரெண்டு பேரும் ஒரே பக்கம் மாட்டிகினா யாரு தாண்டணும்? நான் பத்தாவது ஆளு. அவன் இருந்தா டீம் ஜெயிக்கும். நான் இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா?"

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. சப்பாத்திக் கட்டையோடு அவன் கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் கேலி செய்தவள் நான்தான். ஒரு விளையாட்டு ஒருவனைத் தன்னைப் பற்றி இப்படி நினைக்க வைக்குமென்றால், அந்த பேட்டையும் ஸ்டம்பையும் அடுப்பில் வைக்க வேண்டும் என்று தோன்றியது.

வியாழக்கிழமை கேஸ் பதிவு செய்வதாக ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை மாலை அம்மா ரசம் சாதம் கட்டிக் கொடுத்து, மெழுகுவத்தி அக்காவிடம் என்னை அனுப்பினாள். கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. கட்டுப் போட்ட கையை ஒரு தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். நான் தூக்குச்சட்டியைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"இன்னாமே, உங்கண்ணன் ஓட்டினேன்னு சொல்லிகினு திரியுறானாமே? அவன் இந்தாண்ட குந்திகினு இருந்தான். ஓட்டினது அந்தக் கூலிங் கிளாஸு."

தூக்கைக் கீழே வைத்துவிட்டேன். "ஏன்க்கா யாராண்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா? கம்பெனிக்காரரு வந்தாரு, ஆப்பிள் குடுத்தாரு. சாமியாரு வந்தாரு, ஜெபம் பண்ணாரு. உங்கம்மா வந்தா, அழுதா. போலீஸு வந்தாரு, அவரே எழுதிக்கினாரு. சோத்துக்கை உடைஞ்சி கீதுன்னு பீச்சாங்கையில ரேகை வச்சிகினாரு. ஓட்டினது யாருன்னு ஒர்த்தரும் கேக்கல."

வெட்கமாக இருந்தது. மூன்று நாட்களாக நான் முதலாளியைத் திட்டினேன், கேப்டனைச் சபித்தேன், அண்ணனோடு சண்டை போட்டேன். கை உடைந்தவருக்குக் கண் உண்டு என்பது எனக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு ஓடி அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் காலை கம்பெனிக்குக் கிளம்பாமல் சட்டையை மாட்டிக்கொண்டு போய் ஆட்டோ கூட்டி வந்தார். அண்ணனையும் என்னையும் ஏறச் சொன்னார். போகும் வழியில் அந்த அக்காவை ஏற்றிக்கொண்டோம். அண்ணன் முகம் வெளிறிப் போயிருந்தது.

"இவங்க பாத்ததைச் சொல்றாங்க, எழுதிக்கங்க சார்" என்றார் அப்பா ஸ்டேஷனில். இருபது வருடம் முதலாளியிடம் "சரிங்க சார்" மட்டுமே சொல்லிப் பழகிய குரல். கொஞ்சம் பிசிறியது, ஆனால் நிற்கவில்லை. எனக்கு அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அந்த அக்கா சொன்னார். எஸ்.ஐ.க்கு எரிச்சல். "அப்ப எதுக்கும்மா ரேகை வச்சே?"

"நீ பேப்பரை நீட்டின, வச்சேன். படிச்சா காட்டின?"

எஸ்.ஐ. அண்ணன் பக்கம் திரும்பினார். "ஏண்டா, நீதானே ஓட்டினே? ரிவர்ஸ் எப்படிப் போடுவ?"

அண்ணன் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். ஏட்டு சத்தமாகச் சிரித்துவிட்டார். எஸ்.ஐ. பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.

புதுத் தாளில் எழுதியது என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியாது. கேப்டனை அந்த வாரமே பெங்களூரில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மேல்படிப்பு என்றார்கள், பன்னிரண்டாவது முடிக்காத பையனுக்கு. அப்பாவை லேத்திலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அதைப் பற்றி அவர் வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. மாத முடிவில் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து, அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, பையன் மேல் கேஸ் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

அண்ணன் எனக்கு நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவனோ முகம் கொடுத்தே பேசவில்லை. கேப்டனைக் காட்டிக் கொடுத்த கோபம் என்று நினைத்து நானும் விறைத்துக்கொண்டு திரிந்தேன். வெரிஃபிகேஷன் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், "கூட வரியா?" என்று கேட்டான். உடைந்த மெழுகுவத்தி மேசைக்குப் பதிலாகத் தானே இரும்புக்கால் வைத்து ஒரு மேசை செய்திருந்தான். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அந்த அக்கா வீட்டுக்குத் தூக்கிப் போனோம்.

மேசையை வைத்த பிறகும் அவன் கிளம்பவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். வண்டி நான் ஓட்டல. ஆனா வேகமா ஓட்டு, வேகமா ஓட்டுன்னு கத்தினது நான்தான். மொத தடவை கார்ல உக்காந்தேன்க்கா. திருப்பத்துல அவன் பிரேக் புடிக்கப் போனான். புடிக்காதன்னு நான்தான் சொன்னேன்."

பத்தாவது ஆள், தாண்டிப் போவது என்றெல்லாம் கிணற்றடியில் எனக்குச் சொன்னது பாதிதான். மீதிப் பாதியை ஒரு மாதமாக இவன் தனியாகச் சுமந்திருக்கிறான். நான் அவனை முட்டாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அக்கா இடது கையால் மேசையை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"தெரியும் நைனா. கண்ணாடியை எறக்கி உட்டுகினுதான வந்தீங்க? நீ கத்தினது காதுல உயுந்துச்சி."

"அப்ப ஸ்டேஷன்ல ஏன்க்கா சொல்லல?"

"அப்பால என்னைத் தூக்கினியே, உன் கை அப்டி நடுங்குச்சி. என் வலியை மறந்துட்டு, இந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆயிடப் போவுதேன்னு நான் பயந்துகினு இருந்தேன். அதை எந்த ஸ்டேஷன்ல போயி சொல்ல?"

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். அவர் அவனை அழ விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, மெழுகுவத்திப் பெட்டியை எடுத்து மேசை மேல் வைக்கச் சொன்னார்.