அரை டிகிரிச் சூடு

எங்கள் மருமகள் காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழாமல், யாரோடும் பேசாமல் நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டரை வைத்துக்கொள்வாள். கல்யாணமாகி மூன்று வருடமாகக் குழந்தை இல்லை. கருமுட்டை வெளிவருகிறதா என்று வீட்டிலேயே கண்டுகொள்ள டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த வழி அது. இதையெல்லாம் மாமனாரிடம் யார் சொல்வார்கள்? என் மனைவிதான் தினமும் அந்தக் கருவியை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, புள்ளிக்கு அந்தப் பக்கம் என்ன போட்டிருக்குது? கண்ணு தெரியல."

நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். பார்த்த எண் மறக்காது. பாதி மாதம் வரை தொண்ணூற்றேழரையை ஒட்டியே நின்றது. பிறகு அரை டிகிரி ஏறியது, ஏறியது இறங்கவில்லை.

"சூட்டு ஒடம்பு! அதானுங்க தங்க மாட்டேங்குது" என்றாள் மனைவி. அன்றிலிருந்து மருமகளுக்கு வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீர், இளநீர், எண்ணெய்க் குளியல். நல்லூரில் இருக்கும் தன் தங்கைக்குப் போன் போட்டு அந்த எண்ணைக்கூடச் சொன்னாள். "பையனுக்கு வேற எடம் பாத்தா என்னக்கா?" என்று அந்த அம்மாள் கேட்டது என் காதிலும் விழுந்தது.

சில நாள் கழித்து மனைவி சிரித்துக்கொண்டே வந்தாள். "பாருங்க, எறங்கிருச்சு! வெந்தயம் வேலை செஞ்சிருச்சு."

மருமகள் பின்னாலேயே வந்து நின்றாள். "எறங்கக் கூடாதுங்க அத்தை. முட்டை வந்ததுக்கப்புறம் சூடு ஏறும். கொழந்தை தங்குனா ஏறுனபடியே நிக்கும். எறங்குனா இந்த மாசமும் இல்லைன்னு அர்த்தம்."

மறுநாள் தீட்டாகி அவள் தலைக்குக் குளித்தாள்.

அதன் பிறகு என்னிடமே சொல்லிவிட்டாள். "மாசாமாசம் ஒழுங்கா ஏறுதுங்க மாமா. இனி அவரத்தான் டெஸ்ட் பண்ணோணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அவரு மாட்டேங்கறாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு பெண்ணின் உடம்புச் சூடு நல்லூர் வரைக்கும் போய் வந்திருக்கிறது. இவன் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டானாம். மதியம் சாப்பிட வந்த மகனைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கென்னங்கப்பா கொறை? நல்லாத்தான இருக்கறேன்?"

"உன் கம்பெனித் துணியும் பாத்தா நல்லாத்தான் இருக்குது. லேப் ரிப்போர்ட் இல்லாம வெளிநாட்டுக்கு ஒரு பெட்டி அனுப்புவியா?"

"அது சரக்கு வாங்கற பையர் கேக்கறாங்கப்பா."

"இங்க உம் பொண்டாட்டி கேக்கறா. பையரை விட அவ எளப்பமாப் போயிட்டாளா?"

"ஆம்பளப் பையனைப் போயி..." என்று மனைவி இழுத்தாள்.

"ஆம்பளைன்னு இன்னும் ரிப்போர்ட் வரல" என்றேன்.

அவன் சோற்றைப் பார்த்தபடி, "இந்த ஷிப்மென்ட் முடியட்டுங்க" என்றான். திருப்பூரில் என்றைக்கு ஷிப்மென்ட் முடிந்திருக்கிறது?

மருமகள் ரசத்தை அவன் முன்னால் வைத்தாள். "அவரு போயிட்டு வர்ற வரைக்கும் நான் தெர்மாமீட்டர் வெக்கறதில்லீங்க அத்தை. வெந்தயமும் வேண்டாமுங்க."

மறுநாள் காலை மனைவி வெந்தயத் தண்ணீர் டம்ளரோடு அவர்கள் அறைக்குப் போனாள். போன வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

"நெசமாவே குடிக்க மாட்டேங்கறாளுங்க. இதை என்ன பண்றது?"

"உம் பையனுக்குக் குடு" என்றேன்.